மருந்து கொடுக்கும் கை: தோட்டப் பள்ளி முதல் இன்று வரை

திருக்குறளின் மருந்து அதிகாரம், தன் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கின்றது. நோயுற்றவன் ஒருவன், நோய் தீர்க்கும் மருத்துவன் ஒருவன், மருந்து மூன்றாவது, அம்மருந்தை அருகிலிருந்து கொடுப்பவன் நான்காமவன். மருத்துவனும் மருந்தும் எவ்வளவு சிறந்தவையாயினும், கொடுக்கும் கை காலத்தில் நீளாவிடில் பயனில்லை என்னும் உண்மை அப்பகுப்பில் அடங்கியுள்ளது.

மலேசிய நாட்டின் சட்டங்களை இந்நான்கு கூறுகளோடு ஒப்பிட்டு நோக்கினால் ஒன்று புலனாகும். நோயாளியின் உரிமை பற்றிச் சட்டம் பேசுகின்றது. மருத்துவரின் தகுதியையும் பதிவையும் வரையறுக்கின்றது. மருந்தை யார் விற்கலாம், யார் வைத்திருக்கலாம் என்பதை மிகக் கண்டிப்பாக வகுத்துரைக்கின்றது. ஆனால், வகுப்பறையில் ஒரு பிள்ளை வலிப்பு வந்து விழும்போது அதற்கு மருந்து கொடுக்கவேண்டிய நான்காமவர் யார், அவருடைய கடமை யாது, அவருக்குப் பாதுகாப்பு யாது என்ற வினாக்களுக்கு நேரான விடை கிடைப்பதில்லை. அவ்விடம் ஏன் வெற்றிடமாயிற்று என்பதைப் பந்திங் வட்டாரத் தோட்டங்களின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வது பயன் தரும். ஏனெனில், ஒரு காலத்தில் அவ்விடம் நிரம்பியே இருந்தது.

நோய்க்கு வழங்கிய பெயர்கள்

வலிப்பு நோய் பழமையானது. அதைப் பற்றிய அச்சமும் பழமையானதே. கிரேக்கர்கள் அதனைப் 'புனித நோய்' என்றனர். ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன்னர் இப்போக்கிரட்டீசின் மரபில் எழுந்த மருத்துவ நூலொன்று, அதில் புனிதமும் இல்லை, தெய்வக் குற்றமும் இல்லை. அது மூளையில் தோன்றும் நோயே என்று வாதிட்டது. தமிழில் இந்நோய் முயலகன் எனப்பட்டது. கொல்லி மழவன் மகளைப் பற்றியிருந்த முயலகன் நோயைத் திருப்பாச்சிலாச்சிராமத்தில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்தார் எனப் பெரியபுராணம் கூறுகின்றது. மழவர் தலைவன் ஒருவனே தன் மகளைக் கோயிலில் கிடத்திக் கலங்கி நின்றான் என்றால், எளிய மக்கள் இந்நோயின் முன் எவ்வளவு கையற்று நின்றிருப்பர் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

மூவின மக்களும் வாழும் பந்திங் போன்ற ஊரில் இந்நோயின் பெயர்களைத் தொகுத்துப் பார்த்தால் வியப்பான ஒற்றுமையொன்று தென்படும். மலாய்மொழிப் பேச்சுவழக்கில் இதற்குப் 'பன்றிப் பைத்தியம்' என்று பொருள்படும் பெயர் இருந்தது. சீனமொழியில் ஆட்டோடு தொடர்புபடுத்திப் பெயரிட்டனர். தமிழரோ 'காக்காய் வலிப்பு' என்றனர். கால்கை வலிப்பு என்பதே மருவிக் காக்காய் வலிப்பாயிற்று என்று விளக்கம் கூறுவர். எவ்வாறாயினும், மும்மொழியும் நோயாளியை மனித இனத்திலிருந்து ஓர் அடி விலக்கி, விலங்கிற்கோ பறவைக்கோ அருகில் நிறுத்திவிட்டன. பெயர் இழிவானபோது நோயை மறைக்கும் வழக்கமும் பிறந்தது. மகளுக்கு நோய் என்று வெளியே தெரிந்தால் மணம் தடைப்படும் என்று அஞ்சிய பெற்றோர் பள்ளியிலும் அதனைச் சொல்லமாட்டார். ஆசிரியருக்குத் தெரியாத நோய்க்கு ஆசிரியர் எங்ஙனம் மருந்து கொடுப்பார்?

மணம் பற்றிய அச்சம் வெறும் கற்பனையன்று. இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில், வலிப்பு நோய் திருமணத்திற்குத் தடையாகும் காரணங்களுள் ஒன்றாக இருந்தது. 1999ஆம் ஆண்டுத் திருத்தமே அச்சொல்லை நீக்கிற்று. சட்டமே நோயைக் குற்றம்போல் எழுதிவைத்திருந்த காலத்தில், அதனை மறைத்த பெற்றோரை மட்டும் குறை கூறுதல் முறையாகாது.

மருந்து வந்த வழி

நோயின் பெயர் மாறாமலிருந்த காலத்தில் மருந்து மாறிக்கொண்டே வந்தது. 1857ஆம் ஆண்டில் இலண்டனில் சர் சார்லசு இலாக்காக், புரோமைடு உப்பு வலிப்பைக் கட்டுப்படுத்துவதாக அறிவித்தார். அதுவே பயன் தந்த முதல் மருந்து எனலாம். ஆயினும் அது மயக்கத்தையும் மந்தத்தையும் கொடுத்தது. 1912ஆம் ஆண்டில் செருமனியில் ஆல்பிரட் ஆப்ட்மன், பீனோபார்பிட்டாலின் பயனைக் கண்டறிந்தார். 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாசுடன் நகரில் மெரிட், புட்னம் ஆகிய இருவரும் பெனிட்டாயின் மருந்தை நிறுவினர். அதுவே நோயாளியை உறங்கவைக்காமல் வலிப்பைத் தடுத்த மருந்து. 1960களில் கார்பமசிப்பின், வால்புரோயேட் ஆகியன வந்தன.

பெனிட்டாயினும் அதன் பின்வந்த மருந்துகளும் ஆசிரியர்களுக்கு ஒரு செய்தியைக் கொண்டுவந்தன. புரோமைடு காலத்துப் பிள்ளை பள்ளிக்கே வருவதில்லை, வந்தாலும் உறங்கிற்று. புதிய மருந்துகளின் துணையால் வலிப்பு நோயுள்ள பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே பள்ளிக்கு வரலாயிற்று. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டென்றும், முறையாக மருந்துண்டால் அவர்களுள் நூற்றுக்கு 70 பேர் வலிப்பின்றி வாழமுடியும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. முறையாக என்ற சொல்லில்தான் நான்காமவரின் பணி தொடங்குகின்றது. ஒருவேளை மருந்து தவறினாலே வலிப்பு மீளக்கூடும். மருந்தைத் திடீரென நிறுத்துவதோ பெருந்தீங்கு விளைக்கும்.

கொய்னா காலம்

இனி, பந்திங் வட்டாரத்திற்கு வருவோம். கோல லங்காட் மாவட்டத்தின் கடலோரத் தாழ்நிலங்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. எட்வர்ட் வலன்டைன் கேரி என்ற தோட்டத்துரையின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கும் கேரித் தீவு அவற்றுள் ஒன்று. காடு வெட்டிச் சதுப்பை வடித்த தமிழ்த் தொழிலாளர்களை முதலில் தாக்கியது மலேரியாக் காய்ச்சலாகும்.

1901ஆம் ஆண்டில் கிள்ளானில் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், கிள்ளானிலும் சுவெட்டன்காம் துறைமுகத்திலும் சதுப்பை வடித்துக் காய்ச்சலைக் குறைத்தார். பின்னர் அவர் கவனம் தோட்டங்களின் பக்கம் திரும்பிற்று. ஒரு தோட்டத்தில் மலேரியா எவ்வளவு பரவியுள்ளது என்பதை அறிய அவர் கையாண்ட வழி எளியது: தோட்டத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, வயிற்றைத் தொட்டு, மண்ணீரல் வீங்கியோர் எத்தனை பேர் என்று எண்ணினார். தொழிலாளர் வந்துபோவர், பிள்ளைகளின் உடலே அந்த மண்ணின் நோய்க் கணக்கு. தமிழ்ப் பிள்ளைகளின் உடல்நலம் மலாயாவின் மருத்துவ ஏடுகளில் இடம்பெற்ற தொடக்ககால நிகழ்ச்சிகளுள் இது ஒன்று.

அந்நாளில் கொய்னாவே மருந்து. விடியற்காலைப் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டதும் கொய்னாவை வழங்கி விழுங்கச் செய்யும் வழக்கம் தோட்டங்களில் ஏற்பட்டது. அதன் கசப்பு தோட்டத்து மக்களின் பேச்சிலும் ஏறியது. இங்கு நோக்கவேண்டியது, மருந்து கொடுத்தவர் யார் என்பதே. மருத்துவர் அங்கில்லை, தாய் தந்தையரின் இசைவை எவரும் கேட்கவில்லை. தோட்ட நிர்வாகமே நான்காமவர் இடத்தில் நின்றது. உழைக்கும் உடலைக் காப்பது முதலாளியின் ஆதாயம். எனவே மருந்தும் முதலாளியின் கையில் இருந்தது. இதில் அன்பு இருந்ததோ இல்லையோ, ஒழுங்கு இருந்தது.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு இவ்வொழுங்கிற்குச் சட்ட வடிவம் தந்தது. தொழிலாளர்க்கு மருத்துவ வசதி அளிப்பது முதலாளியின் கடமையாயிற்று. அதே சட்டம், 7 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப்பேரோ அதற்கு மேலோ இருந்தால் அத்தோட்டத்தில் பள்ளி அமைக்க முதலாளியைக் கட்டாயப்படுத்தவும் இடமளித்தது. மருந்தகமும் பள்ளியும் ஒரே சட்டத்தில் பிறந்த உடன்பிறப்புகள் என்பதைத் தமிழ்ப்பள்ளி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் பள்ளி, பள்ளியிலிருந்து கூப்பிடு தூரத்தில் மருந்தகம், மருந்தகத்தில் டிரெசர். பிள்ளைக்குக் காயமோ காய்ச்சலோ வலிப்போ வந்தால் ஆசிரியர் செய்யவேண்டியது டிரெசருக்கு ஆளனுப்புவது மட்டுமே. ஆசிரியர் மருந்து கொடுக்கவேண்டுமா என்ற வினாவே அங்கு எழவில்லை.

எனினும் அந்த ஏற்பாடு நிறைவானதன்று. 1941ஆம் ஆண்டில் ஆர்.எச். நாதனும் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் முன்னின்ற வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் விடுத்த கோரிக்கைகளை நோக்கினால் இது விளங்கும். சம ஊதியம், மானத்தோடு நடத்தப்படுதல் ஆகியவற்றோடு, பிள்ளைகளுக்கு முறையான கல்வியும் முறையான மருத்துவ வசதியும் வேண்டும் என்றும் அவர்கள் கேட்டனர். மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். படைகள் வரவழைக்கப்பட்டன; தொழிலாளர் சிலர் சுடப்பட்டு உயிர் நீத்தனர். பள்ளியையும் மருந்தையும் ஒருங்கே கேட்டு ஒரு தலைமுறை விலை கொடுத்துள்ளது என்பதை இன்றைய மாணவர் அறிந்திருத்தல் வேண்டும்.

பள்ளியும் மருந்தகமும் பிரிந்தமை

விடுதலைக்குப் பின்னர் நிலைமை மாறிற்று. 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையையும் 1957ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தையும் அடுத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் நாட்டின் பொதுக் கல்வி முறைக்குள் வந்தன. ஆசிரியர் அரசின் ஊதியத்திற்கு உரியவரானார். பள்ளி நின்ற நிலமோ தோட்டத்துடையதாகவே இருந்தது. இது தமிழ்க்கல்விக்குக் கிட்டிய பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு சட்டத்தில் பிறந்த உடன்பிறப்புகள் இருவேறு வீடுகளுக்குச் சென்றன. பள்ளி கல்வி அமைச்சின்கீழ் வந்தது. மருந்தகம் தோட்ட நிர்வாகத்தோடே நின்றது. 1965ஆம் ஆண்டில் தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டம் இயற்றப்பட்டது. டிரெசரின் தகுதி அதனால் உயர்ந்தது. ஆனால் அவருடைய சட்டக் கடமை தொழிலாளரையும் அவர்தம் குடும்பத்தையும் சார்ந்ததே அன்றிப் பள்ளியைச் சார்ந்ததன்று.

1967ஆம் ஆண்டில் அரசு பள்ளி உடல்நலப் பணியைத் தொடங்கிற்று. தாதியர் குழு பள்ளிகளுக்கு வந்து பிள்ளைகளின் பார்வை, எடை, தடுப்பூசி ஆகியவற்றைக் கவனித்தது. இப்பணியின் நன்மை பெரிது. ஆயினும் அது வந்து செல்லும் பணி, உடனிருக்கும் பணியன்று. தாதியர் வந்த நாளில்தான் வலிப்பும் வரும் என்று எவரும் உறுதி கூறமுடியாது.

பின்னர் ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாயின. தமிழ்க் குடும்பங்கள் பந்திங், கிள்ளான், கோலாலம்பூர் நகர்களை நோக்கி நகர்ந்தன. டிரெசரின் மருந்தகம் பல இடங்களில் மறைந்தது. பள்ளி மட்டும் நின்றது. அதில் ஆசிரியர் மட்டும் நின்றார். நான்காமவரின் இடம் இவ்வாறே வெற்றிடமாயிற்று.

சட்டம் கூறுவனவும் கூறாதனவும்

இன்று அந்த ஆசிரியர் சட்டத்தின் முன் எங்கு நிற்கின்றார் என்பதைப் படிப்படியாகக் காணலாம்.

முதலாவது, மருந்து பற்றிய சட்டம். 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம் மருந்துகளின் விற்பனையையும் இருப்பையும் கட்டுப்படுத்துகின்றது. 1989ஆம் ஆண்டில் மனத்தைப் பாதிக்கும் மருந்துகள் பற்றிய விதிகள் அதன்கீழ் இயற்றப்பட்டன. பீனோபார்பிட்டால், டயசிபாம், மிடாசோலம் போன்றவை இக்கண்டிப்பான வகையைச் சார்ந்தவை. வலிப்பை நிறுத்தப் பயன்படும் மருந்துகளே இவ்வாறு கட்டுப்படுத்தப்பட்டுள்ளதால், அவற்றைப் பள்ளியில் வைத்திருக்கத் தலைமையாசிரியர் தயங்குவது இயல்பே. மருத்துவர் குறித்த பிள்ளைக்கெனப் பெயரெழுதி அளித்த மருந்து வேறு, பொதுவாக வாங்கி வைக்கும் மருந்து வேறு என்ற வேறுபாடு பலர்க்குத் தெளிவாக விளக்கப்படவில்லை.

இரண்டாவது, குற்றவியல் சட்டம். மலேசியத் தண்டனைச் சட்டத்தொகுப்பு, மெக்காலேயின் முயற்சியில் உருவான 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழிவந்தது. அதன் 89ஆம் பிரிவு, 12 வயதிற்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காக, பாதுகாவலராலோ சட்டப்படி பிள்ளையைப் பொறுப்பில் கொண்டவராலோ, அவர்தம் இசைவுடனோ, நல்லெண்ணத்தோடு செய்யப்படும் செயல் குற்றமாகாது என்கின்றது. 92ஆம் பிரிவு ஒரு படி மேற்செல்கின்றது. இசைவு பெறக் காலமில்லாத நெருக்கடியில் ஒருவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்யப்படும் செயலுக்கும் அது பாதுகாப்பளிக்கின்றது. விபத்துற்ற குழந்தைக்குப் பாதுகாவலரைத் தேடிச் செல்ல நேரமின்றி அறுவை செய்யும் மருத்துவரை அப்பிரிவே எடுத்துக்காட்டாகத் தருகின்றது.

ஆயினும் இரண்டு நுட்பங்களைக் கவனித்தல் வேண்டும். ஒன்று வயது. தொடக்கப்பள்ளியின் ஆறாம் ஆண்டில் பயிலும் பிள்ளை, 12 வயது நிரம்பிய நாளிலேயே 89ஆம் பிரிவின் எல்லையைக் கடந்துவிடுகின்றது. நோயோ அந்த நாளைப் பார்த்து விலகுவதில்லை. மற்றொன்று நல்லெண்ணம் என்ற சொல்லின் பொருள். உள்ளத்தில் தீங்கு நினையாமை மட்டும் போதாது. தக்க கவனத்தோடு செய்யப்படாத எதுவும் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டதாகாது என்று 52ஆம் பிரிவு வரையறுக்கின்றது. எனவே, எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்பதை அறியாமல் அன்பினால் மட்டும் செயற்படும் ஆசிரியருக்கு இச்சட்டத்தின் நிழல் முழுமையாகக் கிடைக்காமற் போகலாம். மருத்துவர் எழுதித்தந்த குறிப்பைப் படித்து, அதன்படி நடந்து, நேரத்தைக் குறித்துவைக்கும் ஆசிரியருக்கே அது உறுதியான நிழலாகும். எழுத்து வெறும் அலுவலகச் சடங்கன்று; நல்லெண்ணத்தின் சான்று.

மூன்றாவது, உரிமையியல் சட்டம். 1956ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத்தின் 3ஆம் பிரிவின் வழி, அவ்வாண்டு ஏப்ரல் 7ஆம் நாள் இங்கிலாந்தில் வழங்கிய பொதுச் சட்டம் தீபகற்பத்தில் இடம்பெற்றது. ஆசிரியர் ஒரு கவனமுள்ள தந்தையைப் போல் பிள்ளையைக் காக்கவேண்டும் என 1893ஆம் ஆண்டிலேயே ஆங்கில நீதிமன்றம் கூறியிருந்தது. மலேசியக் கூட்டரசு நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகள் இக்கடமையின் இரு கரைகளைக் காட்டுகின்றன. 1977ஆம் ஆண்டுத் தீர்ப்பில், வகுப்பறையில் ஒரு மாணவன் தொடையில் குண்டூசியால் குத்த, குத்துண்டவன் சட்டென்று திரும்பியபோது பென்சில் முனை கண்ணில் பட்டது. ஆசிரியருக்குக் காக்கும் கடமை உண்டு. ஆனால் முன்னரே ஊகிக்க முடியாத தீங்கிற்கு அவர் பொறுப்பாகார் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. 1981ஆம் ஆண்டில் சட்ட ஏட்டில் வெளிவந்த மற்றொரு வழக்கில், தோட்டப் பாடத்தின்போது மண்வெட்டி பட்டு மாணவன் காயமுற்றான். அத்தகைய தீங்கு ஊகிக்கத்தக்கதே. மேற்பார்வை போதவில்லை என்று தீர்ப்பாயிற்று.

இவ்விரு தீர்ப்புகளையும் வலிப்பு நோயோடு பொருத்திப் பார்த்தால் உண்மை விளங்கும். பிள்ளைக்கு நோயுண்டு என்று பள்ளிக்குத் தெரியாதவரை வலிப்பு ஊகிக்க முடியாத நிகழ்ச்சி. பெற்றோர் கடிதம் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து அது ஊகிக்கத்தக்கதாகின்றது. அப்போது வாளாவிருத்தலும் தவறாகக் கூடும். கொடுத்தால் குற்றமோ என்று அஞ்சும் ஆசிரியர், கொடாமையும் குற்றமாகலாம் என்பதையும் எண்ணவேண்டியவராகின்றார். அரசு ஊழியரின் கவனக்குறைவிற்கு அரசின்மீது வழக்குத் தொடுக்க 1956ஆம் ஆண்டு அரசு நடவடிக்கைச் சட்டம் வழி வகுத்துள்ளது. ஆகவே சுமை ஆசிரியரின் தோளில் மட்டும் விழுவதில்லை. ஆனால் அது நீதிமன்றம் சென்ற பின்னர்க் கிடைக்கும் ஆறுதல். வகுப்பறையில் நிற்கும்போது தேவைப்படுவது தெளிவு.

நான்காவது, பெற்றோரின் இசைவு. இசைவு அளிக்கும் பெற்றோர் யார் என்பதும் ஒருகாலத்தில் சிக்கலாகவே இருந்தது. 1961ஆம் ஆண்டுக் குழந்தைகள் பாதுகாவலர் சட்டத்தின்படி தந்தையே முதன்மைப் பாதுகாவலர். கணவனைப் பிரிந்து பால்மரக் காட்டில் உழைத்துப் பிள்ளையை வளர்த்த தாயின் கையெழுத்திற்குச் சம மதிப்பில்லை. 1999ஆம் ஆண்டுத் திருத்தமே முசுலிம் அல்லாத தாய்மார்க்குத் தந்தையோடு சம உரிமை அளித்தது. மாத்திரையை அன்றாடம் எண்ணிக் கொடுத்தவள் தாய். ஆனால் தாளில் அவள் பெயர் ஏற அத்தனை ஆண்டுகள் ஆயின.

இத்தனை சட்டங்கள் சூழ நின்றும், 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பள்ளியில் மருந்து கொடுப்பதைத் தனிப்பிரிவாக எடுத்து வகுக்கவில்லை. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 28ஆம் பிரிவு கல்வி பெறும் உரிமையைப் பேசுகின்றது. ஆனால் வலிப்பு நோய் பதிவுக்குரிய தனி வகையாக எண்ணப்படுவதில்லை. இதற்கிடையே 2003ஆம் ஆண்டு முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாகியுள்ளது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோரைச் சட்டம் தண்டிக்கலாம். பிள்ளை கட்டாயம் பள்ளிக்கு வரவேண்டும் என்று கூறும் அரசு, வந்த பிள்ளைக்குப் பள்ளி நேரத்தில் மருந்து யார் கொடுப்பார் என்பதையும் கூறுதலே அறமாகும்.

பிற நாடுகள் கண்ட வழி

இவ்வினாவிற்குப் பிற நாடுகள் விடை கண்டுள்ளன. இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுக் குழந்தைகள், குடும்பங்கள் சட்டத்தின் 100ஆம் பிரிவு, நோயுள்ள மாணவர்க்குத் துணைபுரியும் கடமையைப் பள்ளி நிர்வாகத்தின்மீது சுமத்திற்று. அது அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் வெளியான வழிகாட்டி நுட்பமானது. 16 வயதிற்குட்பட்ட மாணவர்க்குப் பெற்றோரின் எழுத்து மூலமான இசைவின்றி மருந்து கொடுத்தல் பொதுவாகக் கூடாது. மருந்து, மருந்தாளர் அளித்த புட்டியிலேயே, பெயரும் அளவும் நாளும் எழுதப்பட்டு வரவேண்டும். கொடுத்த ஒவ்வொரு வேளையும் பதிவாகவேண்டும். இயன்றவரை பள்ளி நேரத்திற்கு வெளியே மருந்து உண்ணும்படி மருத்துவர் அமைத்துத் தருதல் நன்று. அனைத்திற்கும் மேலாக, எந்த ஆசிரியரையும் மருந்து கொடுக்குமாறு கட்டாயப்படுத்த இயலாது. விரும்பி முன்வருவோருக்குப் பயிற்சி அளித்தல் வேண்டும். கடமை நிறுவனத்திற்கு, செயல் விரும்பி ஏற்பவர்க்கு. இப்பகுப்பில் ஆசிரியரின் அச்சமும் பிள்ளையின் உரிமையும் ஒருங்கே மதிக்கப்படுகின்றன.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் நீண்ட பூசலுக்குப் பின்னரே முடிவு கண்டது. தாதியரல்லாதார் மருந்து கொடுத்தல் தாதியர் தொழிலுக்கும் பிள்ளைகளின் பாதுகாப்பிற்கும் ஊறு என்று தாதியர் அமைப்புகள் எதிர்த்தன. அவ்வெதிர்ப்பில் நியாயமும் இருந்தது. பள்ளிக்கொரு தாதியை அமர்த்துவதற்கு மாற்றாக ஆசிரியரைப் பயன்படுத்தலாகாது என்பது அவர்தம் வாதம். 2011ஆம் ஆண்டில் அம்மாநிலம், பயிற்சி பெற்று விரும்பி முன்வரும் பள்ளி ஊழியர் வலிப்பை நிறுத்தும் அவசர மருந்தைக் கொடுக்கலாம் எனச் சட்டம் இயற்றியது. 2013ஆம் ஆண்டில், மருத்துவரின் ஆணையும் பெற்றோரின் இசைவும் இருப்பின் இன்சுலின் போன்ற மருந்துகளையும் தாதியரல்லாத ஊழியர் கொடுக்கலாம் என அதன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இம்மாற்றங்களுக்கு மருத்துவத்தின் வளர்ச்சியும் துணை நின்றது. முன்னர் அவசர மருந்தான டயசிபாமை ஆசனவாய் வழியாகவே செலுத்தவேண்டியிருந்தது. வகுப்பறையில், பிற பிள்ளைகள் முன்னிலையில், வளர்ந்த மாணவிக்கு அதனைச் செய்தல் எவ்வளவு இடர்ப்பாடு என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1999ஆம் ஆண்டில் இலான்செட் மருத்துவ ஏட்டில் வெளியான ஆய்வு, கன்னத்தின் உட்புறத்தில் இடும் மிடாசோலம் நீர்மமும் டயசிபாமுக்கு நிகரான பயன் தருவதைக் காட்டிற்று. அந்த ஆய்வு நடந்த இடமே ஓர் உறைவிடப் பள்ளி என்பது குறிப்பிடத்தக்கது. மருந்து கொடுக்கும் முறை மானத்தோடு பொருந்தியதும், கொடுக்க முன்வரும் கைகளுக்கும் வழி எளிதாயிற்று.

ஐந்து நிமிடம்

பெரும்பாலான வலிப்புகள் தாமே நின்றுவிடும். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்தை இறுக்கும் உடையைத் தளர்த்தி, அருகிலுள்ள பொருள்களை விலக்கி, கடிகாரத்தைப் பார்த்திருத்தலே செய்யத்தக்கது. கையில் இரும்புச் சாவி கொடுப்பதும், பற்களுக்கிடையே கரண்டி நுழைப்பதும், வாயில் நீர் ஊற்றுவதும் பயனற்றவை, பின்னிரண்டும் தீங்கானவை. உடல் முழுதும் இழுக்கும் வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அது அவசர நிலை. அப்போதே மருந்து தேவைப்படுகின்றது.

இந்த ஐந்து நிமிடத்தைப் பந்திங் வட்டாரத்தின் நிலப்படத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும். செம்பனைக்கு நடுவே நிற்கும் பள்ளியிலிருந்து பந்திங் மருத்துவமனைக்கோ கிள்ளான் மருத்துவமனைக்கோ வண்டி வந்து சேர ஐந்து நிமிடம் போதாது. ஆகவே ஆம்புலன்சை அழைப்பது மட்டும் விடையாகாது. தோட்டத்து டிரெசர் கூப்பிடு தூரத்தில் இருந்த காலத்தில் இத்தொல்லை இவ்வளவு இல்லை. முதலாளியின் காலத்தை மீண்டும் விரும்புவோர் எவருமில்லை. ஆனால் அக்காலத்தின் ஒழுங்கை, இசைவோடும் மானத்தோடும் மீட்டுக்கொள்வதில் தடையில்லை.

சட்டம் வரும்வரை பள்ளிகள் காத்திருக்கவேண்டியதில்லை. பிள்ளைக்கென ஒரு தாள் போதும். நோயின் பெயர், வலிப்பு வரும் தன்மை, அன்றாட மருந்து, அவசர மருந்தும் அதன் அளவும், எத்தனை நிமிடத்தில் கொடுக்கவேண்டும், யாரை அழைக்கவேண்டும் என்பனவற்றை மருத்துவர் எழுதி, தாயோ தந்தையோ ஒப்பமிட்டு, தலைமையாசிரியர் ஏற்று, பயிற்சி பெற்ற இருவர் பெயர் அதில் குறிக்கப்பட்டால், நல்லெண்ணத்திற்குச் சட்டம் கேட்கும் கவனம் அத்தாளிலேயே அமைந்துவிடும். கல்வி அமைச்சும் சுகாதார அமைச்சும் கூடி இத்தாளை நாடு முழுமைக்கும் ஒரே வடிவாக்கி, ஏற்றுச் செயற்படும் ஆசிரியருக்குப் பாதுகாப்பை எழுத்தில் வழங்குதல் அடுத்த படியாகும். 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகச் சுகாதாரப் பேரவை, வலிப்பு நோய்க்கும் பிற நரம்பு நோய்களுக்குமென 2031ஆம் ஆண்டுவரை நீளும் செயல்திட்டத்தை ஏற்றுள்ளது. அதற்கேற்பச் சட்டங்களைச் சீர்செய்ய இதுவே உகந்த காலம்.

மண்ணீரல் வீங்கிய பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எண்ணிய காலத்திலிருந்து, ஒரு பிள்ளைக்கென ஒரு தாள் எழுதும் காலத்திற்குத் தமிழ்ப்பள்ளி வந்துள்ளது. கேரித் தீவிலோ பந்திங் நகரிலோ ஒரு தாய், தன் மகளுக்கு வலிப்பு உண்டு என்பதை வகுப்பாசிரியரிடம் அஞ்சாமல் கூறும் நிலையும், ஆசிரியர் அதனை அஞ்சாமல் கேட்டு எழுதிக்கொள்ளும் நிலையும் உண்டாகவேண்டும். அதற்குப் பின்னரே எந்த மருந்தும் பயன் தரும்.